தடித்த சுருட்டு மட்டும் வேண்டாம்

மேல்கணக்கு,
நாவலடித் தோட்டம்,
மஸ்கெலியா.
11.02.2024

அன்புத் தங்கச்சி நாகலெட்சுமிக்கு,

பெரியண்ணன் முத்துலிங்கம் எழுதுவது. நானும் உன் மதினி வேலாயியும் குளிரோடு மல்லுக்கட்டிக்கொண்டு ஒருமாதிரி சுகமாக இருக்கிறோம். நீயும் மகள் தனுஷிகாவும் நல்லபடி இருக்க வேண்டும் என்று முனியை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

நேற்று நீ போனில் சொன்ன செய்தியை மதினி என் காதருகே வந்து இரண்டு தரம் கத்திச் சொன்னாள். இரண்டாம் தரம் சொன்னபோது லயத்து வரிசையின் கடைசி வீட்டுக்காரர் வெளியே வந்து, "கல்யாணமா, யாருக்குங்க?" என்று கேட்டார். தேயிலை ஸ்டோரில் ரோலர் மெஷின் பக்கத்திலேயே நின்று கொழுந்து அரைத்து அரைத்துக் காது போன கதை உனக்குத் தெரியும். போனைக் காதில் வைத்தால் எனக்கு இன்னும் ரோலர் சத்தம்தான் கேட்கிறது. அதனால் எப்போதும்போலக் கடிதம். தபால்காரர் என்னை அதிசயமாகப் பார்க்கிறார். இந்த மலையில் பேங்க் கடிதம் அல்லாத கடிதம் வருவது எனக்கு மட்டும்தானாம்.

தனுஷிகாவுக்கு ஆவணியில் கல்யாணம் என்றதும் எனக்கு ஒரே சந்தோஷம். சின்னப் பிள்ளையில் இங்கே வந்து, காலில் அட்டை ஏறியதைப் பார்த்து மலையே அதிரக் கத்தியவள். அவளுக்கா கல்யாணம் என்று மதினி நேற்றிலிருந்து சிரிக்கிறாள். தாய்மாமன் பட்டு நான் எடுத்து வருகிறேன். என்ன நிறம் என்று மட்டும் பிள்ளையிடம் கேட்டு எழுது.

இன்னொரு காரியம். ஆடியில் முனியாண்டி பூசை. இங்கே கடைகளில் இப்போது வருகிற சுருட்டு சின்ன விரல் நீளம்கூட இல்லை. அந்தப் பக்கம் நல்ல யாழ்ப்பாணச் சுருட்டு கிடைக்குமே. சாமிக்கு நீளமாக ஒன்று பார்த்து அனுப்பு.

பக்கத்து வீட்டிலும் எல்லோரும் சுகம் என்றுதான் நினைக்கிறேன். அடுப்புப் புகை நேரத்துக்கு வருகிறது.

உன் நலம் கேட்டுக் காத்திருக்கும்
பெரியண்ணன்
முத்துலிங்கம்


பாரதிபுரம்,
கிளிநொச்சி.
25.02.2024

அன்புள்ள பெரியண்ணனுக்கு,

தங்கச்சி நாகு வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. அதைத் தவிர எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் நெஞ்சு இளைப்பு எப்படி? டாக்டர் சொல்லிச் சுருட்டை விட்டது விட்டதுதானா, இல்லை மதினி கொழுந்துக்குப் போன நேரம் பார்த்து ஒன்று பற்றுகிறதா? உண்மையை எழுதுங்கள். மதினியிடம் சொல்லமாட்டேன். (சொல்வேன்.)

பட்டு மாம்பழ நிறம் வேண்டுமாம். சுருட்டும் அனுப்புகிறேன். ஆனால் முதலில் என் கோபத்தைக் கேளுங்கள்.

"பக்கத்து வீடு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் இருப்பது உங்கள் கூடப்பிறந்த தம்பி, என் சின்னண்ணன் பழனியாண்டி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் தும்மினால் உங்கள் வீட்டுக் கலண்டர் ஆடும். உங்களுக்குக் காதுதான் கேட்காது, கண்ணுமா தெரியாது?

எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் எழுதினால்தான் என் மனம் ஆறும். முனிக்கு வைக்கிற சுருட்டு அடிவரை தானாக எரிய வேண்டும், அது எரிந்து தீரும்வரை நம் வீட்டு ஆண்கள் எழும்பவும் கூடாது, அதைத் தொடவும் கூடாது என்பது நம் குடும்பத்து வழக்கம். நடுவில் அணைந்தால் பற்ற வைத்தவனுடைய விரதத்தில் குறை என்பார்கள். கொரோனா வருஷம் பற்ற வைத்தது சின்னண்ணன் முறை. சுருட்டு பாதியில் அணைந்தது. உடனே நீங்கள் தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் முன்னால், "விரதத்தை முறிச்சுட்டு வந்து சாமிக்கு நெருப்பு வக்கிறியா?" என்று கேட்டுவிட்டீர்கள். அன்றிலிருந்து அவர் உங்களோடு பேசுவதில்லை. பூசையில் நெருப்பும் தொடுவதில்லை, பூசாரிதான் பற்ற வைக்கிறார். லயத்துப் பிள்ளைகள் கொஞ்ச நாள் அவரைக் கண்டால் "கருவாட்டு மாமா" என்று கூப்பிட்டார்களாம். ஆடி மாதத்தில் கருவாடு வாங்குகிற கடைப்பக்கம்கூடத் திரும்பாத மனிதர் அவர்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் மச்சான் இல்லாத வீடு இது. தனுஷிகாவை மணவறைக்குக் கூட்டிப் போக அவளுடைய இரண்டு மாமன்மாரும் ஆளுக்கொரு கை பிடிக்க வேண்டும். ஒருவர் வந்து ஒருவர் வராவிட்டால் என் மகள் ஒற்றைக் கையை வீசிக்கொண்டு நடக்க மாட்டாள். இருவரும் பேசிச் சிரித்துச் சேர்ந்து வருவதானால் வாருங்கள். இல்லையென்றால் இருவருமே வர வேண்டாம், நானே கூட்டிப் போகிறேன். சின்னண்ணனுக்கும் இதையேதான் போனில் சொன்னேன். அவர் "ம்" என்றார். அவ்வளவுதான்.

சுருட்டு என்ன நீளம், என்ன தடிப்பு என்று எழுதுங்கள். மதினியின் முழங்கால் வலிக்கு இங்கிருந்து ஒரு எண்ணெய் அனுப்புகிறேன்.

கோபம் பாதியும் பாசம் பாதியுமாக,
உங்கள் நாகு


மேல்கணக்கு, நாவலடித் தோட்டம்
17.03.2024

அன்புத் தங்கச்சி நாகுவுக்கு,

கடிதம் கிடைத்தது. நெஞ்சு பரவாயில்லை, சுருட்டைத் தொடுவதில்லை. மதினியின் எண்ணெய் பற்றிச் சொன்னதும் அவளுக்கு இப்போதே வலி பாதி குறைந்துவிட்டதாம். நீங்கள் இருவரும் வெயிலில் அலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாம்பழ நிறப் பட்டு ஹட்டனில் பார்த்து வைத்துவிட்டேன். கடைக்காரர் எடுத்து வைத்திருக்கிறார்.

சுருட்டு விஷயம். அப்பா காலத்தில் சாண் நீளம், விரல் தடிப்பு. அதைப் பற்ற வைத்துவிட்டு உட்கார்ந்தால் அம்மா பொங்கல் வைத்து இறக்கிவிடுவாள், பிறகும் எரியும். போன வருஷம் வைத்தது குட்டை. நீ முனி கோயிலைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகிறது. இப்போதும் அதே மரம், அதே கல். கல்லுக்கு முன்னால் நான் உட்காருவேன். அவனும் வந்து உட்காருவான். நடுவில் ஒரு ஆள் இருக்கிற இடம் காலியாகக் கிடக்கும். காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் கண்டாலும் கடையில் கண்டாலும் வேறு பாதையால் போகிறவன், முனி முன்னால் மட்டும் எழும்பிப் போக முடியாது. சுருட்டு எரியும்வரை இருந்தாக வேண்டும்.

போன வருஷம் எதையாவது சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று யோசித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டேன். பார்த்தால் சுருட்டு சாம்பலாகிக் கிடந்தது. அவன் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழும்பிவிட்டான். அதனால்தான் நீளமாகக் கேட்கிறேன். எனக்குக் கொஞ்சம் கூடுதலாக நேரம் வேண்டும்.

நீளம் எவ்வளவு இருந்தாலும் நல்லது. தடித்தது மட்டும் வேண்டாம்.

பிள்ளையிடம் மாமன் கேட்டதாகச் சொல்.

பெரியண்ணன்


பாரதிபுரம்
21.04.2024

அன்புள்ள பெரியண்ணனுக்கு,

வருஷப்பிறப்பு எப்படிப் போனது? மதினி பலகாரம் சுட்டாரா? நாங்கள் இருவரும் வாழ்வாதாரக் கடன் கட்டுகிற கவலை, கல்யாணக் கவலை எல்லாவற்றையும் அன்று ஒருநாள் மறந்துவிட்டு வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கினோம். உங்கள் உடம்பு சுகம் என்றதில் நிம்மதி.

உங்கள் போன கடிதத்தைப் படித்துவிட்டு நான் அழுதது உண்மை. அதை எழுதாமல் விட்டால் நீங்கள் என்னைக் கல்மனசுக்காரி என்று நினைப்பீர்கள். நாலு வார்த்தை பேசுவதற்கு நாலு விரல் நீளம் கூடுதலாகக் கேட்கிற அண்ணன் வேறு யாருக்குக் கிடைப்பான்?

சந்தையில் ஒரு சுருட்டுக் கடை இருக்கிறது. கடைக்கார ஐயா யாழ்ப்பாணத்தவர். நான் நீளமாகச் சுருட்டு கேட்டதும் மேலும் கீழும் பார்த்தார். "ஆருக்குப் பிள்ளை? குடிக்கிறதுக்கோ, படைக்கிறதுக்கோ?" என்றார். சாமிக்கு என்றேன். "சாமி இழுக்குமோ, சும்மா வைக்கிறதோ?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சும்மா கல்லில் வைப்போம், அது தானாக எரிய வேண்டும் என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அப்பிடியெண்டா மெல்லிசாய் நீளமாய் எடுங்கோ. நீளத்துக்குத் தக்க நிண்டு எரியும். மொத்தச் சுருட்டு இழுக்க இழுக்கத்தான் எரியும் பிள்ளை. சும்மா வைச்சால் அரைவாசியிலை நூந்துபோம். இழுக்க ஒரு ஆளிருந்தால் சரி, மொத்தத்தைப்போலை கனநேரம் நிண்டு பிடிக்கிறது ஒண்டுமில்லை."

மெல்லியது நீளத்துக்கு ஏற்ப எரியும். தடித்தது இழுக்க ஆளில்லாவிட்டால் அணைந்துபோகும். அவருக்கு அது வியாபாரம், சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். நான்தான் கடை வாசலில் அப்படியே நின்றேன்.

பெரியண்ணன், நான் நேராகவே கேட்கிறேன். தடித்தது மட்டும் வேண்டாம் என்று ஏன் எழுதினீர்கள்? சின்னண்ணன் கையில் அணைந்துபோன அந்தச் சுருட்டு என்ன தடிப்பு? அதை வாங்கி வந்தது யார்?

கேட்டதற்குக் கோபிக்க வேண்டாம். பதிலை எதிர்பார்த்து,
நாகு


பாரதிபுரம்
09.06.2024

அன்புள்ள பெரியண்ணனுக்கு,

ஏழு வாரமாகக் கடிதம் இல்லை. மதினியிடம் போனில் கேட்டால், "நல்லாத்தான் இருக்காரு, பேனாவ எடுக்குறாரு, வக்கிறாரு" என்கிறார். இளைப்பு கூடிவிட்டதோ என்று பயந்தேன். இல்லை, மலையடிவாரம் வரை நடந்து போய் வருகிறாராம். அப்படியானால் எழுத முடியாதது கைவலியால் இல்லை.

நான் கேட்ட கேள்வியை விட்டுவிடுங்கள். கேட்டது கேட்டாயிற்று, பதில் எனக்குத் தேவையில்லை. உங்கள் கடிதம்தான் தேவை. ஆவணி நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் வருவதில்லை. பத்திரிகையில் இரண்டு மாமன்மார் பெயரையும் அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன். நான் போட்ட சபதம் என் வாயில் இருக்கிறது. ஆனால் நீங்கள் இருவரும் வராத பந்தலை நினைத்தால் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிவிடுகிறேன். அதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மதினியின் தம்பி லோஜன் கந்தப்பளையிலிருந்து மரக்கறி லொறி கொண்டு வந்திருந்தார். கரட் இறக்கிவிட்டுத் திரும்புகிறவரிடம் பொதி கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அதில் முழங்கால் எண்ணெய், கொஞ்சம் பனங்கட்டி, மூன்று சுருட்டு. ஒன்று குட்டை, எரித்துப் பார்க்க. ஒன்று மெல்லியதாய்ச் சாணுக்கும் மேல் நீளம், நீங்கள் கேட்டது. இன்னொன்று தடித்தது. நீங்கள் வேண்டாம் என்றதுதான். இருந்தும் வைத்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் லோஜனுக்கே கொடுத்துவிடுங்கள், அவர் ஏ-ஒன்பது வீதி முழுக்கப் புகைத்துக்கொண்டே போவார்.

இரண்டு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் நாகு


மேல்கணக்கு, நாவலடித் தோட்டம்
30.06.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். உன்னைப் பயமுறுத்தியதற்கு மதினி என்னை ஒருவழி பண்ணிவிட்டாள். இங்கே நல்ல மழை. மலையெல்லாம் சேறு, அட்டை ஏறாத கால் இல்லை. கொழுந்துக்கு ஆள் போதவில்லை என்று வேலை வாங்குகிற கண்டாக்கையா மதினியையும் கூப்பிடுகிறார். அவள் உன் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு போகிறாள். பனங்கட்டி தீர்ந்துவிட்டது. நான் தின்னவில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய்.

சுருட்டைப் பரீட்சித்துப் பார்த்தேன். குட்டையை வீட்டுப் பின்பக்கக் கல்லில் வைத்துப் பற்ற வைத்துவிட்டு எதிரில் குந்திக்கொண்டிருந்தேன். மதினி வந்து பார்த்துவிட்டு, "அம்பது வருசமா வாயில வச்சு ஊதுன ஆளு இப்ப வேடிக்க பாக்குறீங்களா, இதுக்கு ஊதியே தொலச்சிருக்கலாம்" என்றாள். அவள் தேங்காய் துருவி முடிப்பதற்குள் அது தீர்ந்தது. போன வருஷம் எனக்குக் கிடைத்த நேரம் அவ்வளவுதான். நீளமானது பொங்கலுக்குத் தாங்கும்.

புகை பக்கத்துக்குப் போயிருக்க வேண்டும். கதவைத் திறந்துகொண்டு பழனியாண்டி எட்டிப் பார்த்தான். நான் சுருட்டுக்கு முன்னால் குந்தியிருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போனான். பிறகு சின்னவன் சம்சாரம் மதினியிடம், "மாமா திரும்பவும் சுருட்டு பிடிக்குறாங்களா, ஒங்க கொழுந்தன் கேக்கச் சொன்னாரு" என்று கேட்டாளாம்.

அந்த வருஷத்துச் சுருட்டு ஹட்டனில் வாங்கியது. ஊரடங்கு. கடையில் வேறு அளவு இருக்கவில்லை. பெரிதாக வைத்தால் சாமிக்கும் பெருமை என்று வாங்கியது.

ஆடி பிறந்ததும் விரதம் தொடங்குகிறேன். பட்டை எடுத்துவந்து பெட்டியில் வைத்தாயிற்று.

பிள்ளைக்கு என் அன்பு.
பெரியண்ணன்


மேல்கணக்கு, நாவலடித் தோட்டம்
05.08.2024

அன்புள்ள தங்கச்சி நாகுவுக்கு,

சின்னண்ணன் பழனியாண்டி எழுதுகிறேன். எல்லோரும் சுகம், உன் சுகமும் மகள் சுகமும் அறிய ஆசை. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. போனில் சொல்லலாம் என்று பார்த்தேன், தொண்டை கட்டிப் பேச்சு வரவில்லை. ஏன் கட்டியது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். மதினி போனில் உனக்கு எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். ஆனால் அவர் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் இருந்தவர். நான் சுருட்டுக்குப் பக்கத்தில் இருந்தவன்.

நேற்றுப் பூசை. அண்ணன் விரதம் இருந்து பாதி ஆளாக வந்தார். வழக்கம்போல நடுவில் இடம் விட்டு உட்கார்ந்தோம். பொதியைப் பிரித்தார். நீளமாக ஒரு மெல்லிய சுருட்டு இருந்தது. நல்ல சுருட்டு. அதை ஒதுக்கி வைத்துவிட்டு என் பெருவிரலுக்கும் மேல் தடித்த ஒன்றை எடுத்தார். பூசாரி நெருப்பு எடுக்கப் போனபோது, "இந்த வருசம் நானே வக்கிறேங்க" என்று சொல்லித் தன் கையால் பற்ற வைத்து முனி கல்லில் வைத்தார்.

கொஞ்ச நேரம் எரிந்தது. பிறகு நுனியில் சாம்பல் மூடியது. புகை நூல்போல ஆகி, அதுவும் அறுந்து அறுந்து வந்தது. ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பின்னால் யாரோ, "விரதத்துல கொறையோ" என்றது எனக்குக் கேட்டது. அண்ணனுக்குக் கேட்டிருக்காது. ஆனால் அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், கையைக் கட்டிக்கொண்டு, அடி வாங்கக் காத்திருக்கிறவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு என் கையில் கொடுத்ததும் இதே தடிப்புத்தான். இது அணையும் என்று தெரிந்தேதான் எடுத்திருக்கிறார். எனக்கு வந்த பேரை அத்தனை பேருக்கும் முன்னால் தன் தலையில் போட்டுக்கொள்ள வந்திருக்கிறார்.

எனக்குக் கோபம்தான் வந்தது தங்கச்சி, பொய் சொல்லமாட்டேன். வாயால் ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற காரியத்துக்கு இவ்வளவு கூத்தா. நாலு வருஷம் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நான் என்ன பாடு பட்டேன் என்று அவருக்குத் தெரியுமா. இதெல்லாம் மனதில் ஓடுகிறது. ஆனால் என் அண்ணன் லயத்து ஆட்களுக்கு முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. எழும்பிப் போய்ச் சுருட்டைக் கையில் எடுத்துவிட்டேன்.

எழும்பவும் கூடாது, தொடவும் கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தாயிற்று. அண்ணன் பதறிப்போய் என் கையிலிருந்து அதைப் பறித்தார். குற்றம் என்மேல் வரக் கூடாது என்று தன் வாயில் வைக்கப் போனார். அவருடைய நெஞ்சுக்கு ஒரு இழுப்பே போதும், ஹட்டன் ஆஸ்பத்திரிக்கு. நான் சொன்னேன், "நீங்க ஊதாதீங்கண்ணே, ஒங்களுக்கு ஆகாது, இங்க குடுங்க" என்று.

அவருக்குக் கேட்கவில்லை. நாலு வருஷத்துக்குப் பிறகு நான் பேசின முதல் பேச்சு, மனிதருக்குக் கேட்கவில்லை. "என்னா?" என்கிறார். காதருகே போய் என் பலம் எல்லாம் சேர்த்துக் கத்தினேன். "குடுங்கண்ணே, நான் ஊதுறேன்." எதிர் மலையில் வேலை முடிந்து போன ஆட்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்களாம்.

அவர் கொடுத்தார். நான் பிறந்ததிலிருந்து சுருட்டு பிடித்தவன் இல்லை. இரண்டு இழுப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் நெருப்பு வந்துவிட்டது. பூசாரியைப் பார்த்தேன், திட்டப்போகிறார் என்று. அவர், "முனி எந்த வாயால குடிச்சா என்னாங்க. எரியட்டும், உக்காருங்க ரெண்டு பேரும்" என்றார்.

அது சாதாரணமாகத் தீருகிற சுருட்டு இல்லை. பொங்கல் இறக்கி, படைத்து, எல்லோரும் தின்று முடித்தும் என் கையில் பாதி இருந்தது. தூறல் போட்டது, ஆட்கள் லயத்துக்குப் போய்விட்டார்கள். மதினி ஒரு குடையை எங்கள் தலைக்குமேல் விரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு குடைக்குள் இருக்க வேண்டுமென்றால் நடுவில் இடம் விட்டு உட்கார முடியாது. நான் இழுப்பேன், இருமுவேன், அண்ணன் முதுகில் தட்டுவார், பிறகு பேசுவோம். நான் பேசியது எல்லாம் அவர் காதில் கத்தியது, அதனால் தோட்டத்துக்கே தெரியும். அவர் பேசியது எனக்கு மட்டும்தான் கேட்டது. அதை எழுதமாட்டேன்.

கல்யாணத்துக்கு வருகிறோம். தொண்டை ஆறியதும் போன் எடுக்கிறேன்.

சின்னண்ணன்
பழனியாண்டி


பாரதிபுரம்
13.08.2024

என் இரண்டு அண்ணன்மாருக்கும்,

ஒரே கடிதத்தை இரண்டு பேருக்கும் எழுதுகிறேன். சின்னண்ணன் பெரியண்ணனுக்குக் கத்திப் படித்துக் காட்டட்டும். லயமும் கேட்கட்டும்.

உங்கள் கடிதத்தைத் தனுஷிகாதான் வாசித்தாள். "ஒரு குடைக்குள்" என்ற இடத்தில் அவளுக்குத் தொடர முடியவில்லை, நான் வாங்கினேன், எனக்கும் முடியவில்லை. பக்கத்து வீட்டு நிலக்ஷியைக் கூப்பிட்டு மீதியை வாசிக்க வைத்தோம். அவள் என்ன ஏது என்று தெரியாமல் எங்களோடு சேர்ந்து அழுதாள்.

பெரியண்ணன், உங்களிடம் நான் இனி ஒரு கேள்வியும் கேட்கப் போவதில்லை. சின்னண்ணன், கொத்தமல்லி போட்டுக் குடிநீர் வைத்துக் குடியுங்கள், இருமல் இறங்கும்.

மணவறைக்குப் போகும்போது வலது கை பெரிய மாமாவுக்கு, இடது கை சின்ன மாமாவுக்கு என்று உங்கள் மருமகள் பங்கு பிரித்துவிட்டாள். இதில் சண்டை வந்தால் இருவரையும் பந்தலுக்கு வெளியே நிறுத்துவாளாம்.

பாதை பார்த்திருக்கும்
நாகு


மேல்கணக்கு, நாவலடித் தோட்டம்
22.08.2024

அன்புத் தங்கச்சி நாகுவுக்கு,

உன் கடிதத்தைப் பழனியாண்டி வாசலில் நின்று வாசித்தான். எனக்கு நன்றாகக் கேட்டது. இங்கே அனைவரும் சுகம், மழையும் விட்டிருக்கிறது. நீ கல்யாண வேலையில் சாப்பாட்டை விட்டுவிடாதே.

அடுத்த வியாழக்கிழமை விடியப் புறப்படுகிறோம். கண்டிக்குப் போய் அங்கிருந்து யாழ்ப்பாண பஸ். பெண்கள் இருவரும் முன்னால், நாங்கள் இருவரும் ஒரு சீட்டில். ஜன்னல் பக்கம் அவனுக்கு. பஸ் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒத்துக்கொள்ளாது என்பது உனக்கு நினைவிருக்கும். பட்டு என் பையில் வேண்டாம், நசுங்கிவிடும் என்று தன் பையில் எடுத்து வைத்துக்கொண்டான். கொடுத்துவிட்டேன். நிறத்தை விரித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றான். இரண்டு தரம் சொன்னான். முதல் தரமே எனக்குக் கேட்டுவிட்டது. இருந்தாலும் "என்னா?" என்று கேட்டேன்.

உன் மெல்லிய சுருட்டு அப்படியே இருக்கிறது. லோஜன் வந்தால் கொடுத்துவிடுகிறேன். அடுத்த ஆடிக்கும் சாமிக்கு நீதான் அனுப்ப வேண்டும். அந்தக் கடைக்கார ஐயாவிடம் நான் சொன்னதாகச் சொல். நீளம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. இருப்பதிலேயே தடித்ததாகப் பார்த்துத் தரட்டும்.

நேரில் வந்து உன்னைப் பார்க்கும் ஆசையோடு,
பெரியண்ணன்
முத்துலிங்கம்

இது நான் எழுதுவது தங்கச்சி. தடித்தது அனுப்புவதானால் கூடவே இருமல் மருந்தும் ஒரு போத்தல் வை. - பழனியாண்டி